துடக்கு வீட்டில் பறித்த முந்திரிகை

அப்பா எங்களை விட்டுப் போன கிழமையில் தோட்டத்துப் பழம் முழுவதும் கொடியில் நின்றது. பறிக்காமல் விட்டால் ஒரு வருடப் பாடு அழுகிவிடும். பறிப்பதற்கோ வீட்டில் துடக்கு, சாவுத் தீட்டு. அதன்பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

அப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டைச் சுற்றித் திராட்சைப் பந்தல். எங்கள் ஊர்ப் பேச்சில் முந்திரிகை. சண்டை அவரை முதலில் பள்ளிக்கூடத்திலிருந்தும் பிறகு ஊரிலிருந்தும் கிளப்பியது. லண்டனுக்கு வந்து ஹவுன்ஸ்லோவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்தார். அம்மா வந்து சேர்ந்த பின் இருவருமாக உழைத்து, ஹரோவுக்கு அப்பால், வீடுகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில், ஒரு பழைய வீட்டோடு துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்தார்கள்.

"வெள்ளைக்காரர் இஞ்ச முந்திரிகை வைக்கினம். எனக்கேன் ஏலாது?" என்று அப்பா கேட்டாராம்.

முதலில் ஏலாமல்தான் போனது. ஊரில் போலவே தலைக்குமேல் பந்தல் போட்டுக் கொடியை ஏற்றிவிட்டார். அங்கே வெயில் பழத்தை அவித்துவிடும், நிழல் வேண்டும். இங்கேயோ வெயிலைத் தேடிப் பிடிக்க வேண்டும். இலை கூரையாக மூட, கீழே காய் பச்சையாகவே நின்று பூஞ்சணம் பிடித்தது. அடுத்த வருடமும் அப்படியே. ஆனாலும் பந்தலைப் பிரிக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. ஒருநாள் அம்மா ஏணியைத் தூக்கிக்கொண்டு பந்தலடிக்குப் போனார்.

"என்ன செய்யிறீர்?" என்றார் அப்பா.

"குடையைச் சுருக்கிறன். உங்கட முந்திரிகை என்ன புதுப்பொம்பிளையே, வெயில் படாமல் பொத்தி வைக்க?"

அப்பா சிரித்துவிட்டார். அன்றே இருவரும் கம்பிகளை வேலிபோல் நிமிர்த்திக் கட்டத் தொடங்கினார்கள். பழம் பழுத்தது. அம்மா கல்லூரி ஒன்றில் சனிக்கிழமை வகுப்புக்குப் போய் வைன் செய்யப் பழகினார். தோட்டம் அப்பாவுடையது, வைன் கொட்டகை அம்மாவுடையது என்றானது. அப்பா ஒரு துளி குடித்தவரல்ல. அம்மா நீட்டும் கிளாஸை மணந்து பார்த்துவிட்டு, "நீர் சரியெண்டாச் சரி" என்று திருப்பிக் கொடுப்பார். முதல் குலையை மட்டும் ஒவ்வொரு வருடமும் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கொண்டுபோவார்.

அப்பாவின் அக்கா, ரெய்னர்ஸ் லேன் மாமி, இந்தத் தொழிலை ஏற்றுக்கொள்ளவே இல்லை.

"சைவப் பிள்ளை செய்யிற வேலையே இது?"

"நான் குடிக்கிறேல்லை அக்கா. செய்யிறன், அவ்வளவுதான்."

"கசிப்புச் சாராயம் காய்ச்சுறவனும் இதைத்தான் சொல்லுவான்."

மாமி எங்கள் வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், அப்பாவைத் திட்டுவார். தோட்டத்துக்குள் மட்டும் கால் வைக்க மாட்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். கொடி வெட்டும் காலத்தில் உதவிக்குப் போனால், "போய்ப் படி. கொடி எங்கயும் ஓடாது" என்று அப்பா திருப்பி அனுப்புவார். இன்று நான் பார்க்கும் வேலை குளிரில் அவர் நின்ற நிலையால் வந்தது.

இந்த வருடம் பழம் நல்ல செழிப்பு. அப்பாவின் இதயம்தான் களைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னிடம், "பழத்தைக் குருவி கொத்தாமல் வலை போட்டாச்சோ?" என்றார். "ஓம் அப்பா, போட்டாச்சு." "அப்ப சரி" என்று கண்ணை மூடினார். மறுநாள் காலை அமைதியாகப் போய்விட்டார்.

செத்த வீட்டுச் சடங்கு முடிந்தது. வரும் கிழமை முழுக்க மழை என்றார்கள். கூலிக்கு ஆள் கேட்டேன். எல்லோரும் வேறு தோட்டங்களுக்குப் போய்விட்டார்கள். "நானும் சித்தப்பாவும் பறிக்கிறம் அம்மா" என்றேன். சித்தப்பா அப்பாவின் தம்பி; அவருக்கும் துடக்குத்தான்.

"வேண்டாம்" என்றார் அம்மா. "முதல் குலை முருகனுக்கெண்டு அவர் வைச்ச வழக்கம். துடக்குக் கை பட்டா அது சாமிக்கு ஆகாது. அழுகினா அழுகட்டும்."

இவ்வளவு வருட உழைப்பில் அப்பா கடைசியாக வளர்த்த பழத்தைப் பற்றி அம்மா அப்படிச் சொன்னதை அன்றிரவு மாமிக்குப் போனில் சொன்னேன்.

சனிக்கிழமை காலை வாசலில் ஒரு வான் வந்து நின்றது. சேலையைத் தூக்கிச் செருகி, ரப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு மாமி இறங்கினார். பின்னால் கோயிலுக்கு வரும் பெண்கள், அவர்களின் பிள்ளைகள்.

"கட்டிக் குடுத்த பொம்பிளைக்குத் தம்பியின்ர துடக்கு எத்தினை நாளைக்கு? எனக்குக் கொஞ்ச நாள்தானே, கழிஞ்சுது. உவை பிறத்தியார், உவைக்குத் துடக்கே இல்லை. கத்தரிக்கோல் எங்கயடா?"

சொல்லிவிட்டு மாமி தோட்டத்துக்குள் இறங்கிப் போனார். ஒரு பழத்தோடு சமையல் குசினி வாசலுக்கு வந்து அம்மாவிடம் நீட்டினார்.

"மச்சாள், பறிக்கலாமோ எண்டு பாத்துச் சொல்லு. எனக்கென்ன தெரியும் உந்தச் சாமானைப் பற்றி."

அம்மா பழத்தைச் சப்பி, கொட்டையை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார். "கொட்டை பழுப்பாப் போச்சு. பறியுங்கோ மச்சாள்."

மழைக்கு முன்னர் கடைசிக் குலையும் கொட்டகைக்கு வந்தது. முதல் குலையை மாமியே ஆர்ச்வேக்குக் கொண்டுபோனார். ஆனால் பழத்தை நசித்து விட்டால் அது புளிக்கத் தொடங்கிவிடும், துடக்குக்குக் காத்திராது. காலையும் மாலையும் கிளற வேண்டும். அதற்கும் மாமிதான். அம்மா கொட்டகைக்கு வெளியே நின்று சொல்லிக்கொடுக்க, மாமி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிளறினார்.

"அடியில இருந்து கிளறுங்கோ."

"பலகாரத்துக்குத் தொதல் கிளறின கைக்கு இது பெரிய வேலையே? மணம்தான் தாங்கேலாது!"

அப்பாவைப் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், துடக்கு வீட்டுக்கு நாள்தோறும் சோறு சமைத்து அனுப்பியவர்களுக்கும், பழம் போடும் பெட்டிகளைக் கேட்காமலே கொண்டுவந்து இறக்கிய பக்கத்து வயல் ஆங்கிலேயருக்கும், அந்தச் சனிக்கிழமை குனிந்து பறித்த ஒவ்வொருவருக்கும் அம்மாவின் சார்பிலும் என் சார்பிலும் நன்றி. உங்கள் கைகளால்தான் அப்பாவின் கடைசி விளைச்சல் வீடு வந்தது.

நேற்று அம்மா மாமியிடம், "அந்தியேட்டி முடிஞ்சு துடக்குக் கழிஞ்சா நான் கொட்டகைக்குள்ள போவன் மச்சாள், உங்களுக்கு இனிக் கரைச்சல் இல்லை" என்றார்.

"அதோட என்னைக் கலைச்சு அனுப்பப் பாக்கிறியோ?"

"ஆர் உங்களைக் கலைக்கிறது?"

கொட்டகைச் சாவி இன்னும் மாமியின் கைப்பையில்தான் இருக்கிறது. அம்மா திருப்பிக் கேட்கவில்லை. மாமி, அது உங்களிடமே இருக்கட்டும்.