அண்ணா கொண்டுவந்த செய்மதி ரேடியோ

கார் வாங்கிய நாளிலிருந்து அதன் ரேடியோ ஒழுங்காகப் பாடியதில்லை. ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்த சிறிய கார் அது. அந்த நாட்டு ரேடியோக்களில் எஃப்.எம். தொண்ணூறோடு முடிந்துவிடுமாம். எங்கள் நிலையங்களில் முக்கால்வாசி அதற்கு மேலே இருப்பவை. ஒன்றிரண்டு மட்டும் கரகரத்துக்கொண்டு வரும். நான் திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவரின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் இரண்டு பாட்டுக்கூட முடியாது. அதனால் அதை அப்படியே விட்டிருந்தேன்.

ஒருநாள் கனடாவிலிருக்கும் அண்ணாவோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தபோது, ரேடியோவை மாற்றப் போவதாக வாய்தவறிச் சொன்னேன்.

"வாங்காதை. நான் வரேக்க கொண்டுவாறன். செய்மதி ரேடியோ. வானத்தில இருந்து நேர வரும், ஒரு கரகரப்பும் இராது" என்றார்.

எனக்கு ரேடியோ காதில் விழவில்லை. 'வரேக்க' என்ற சொல்தான் விழுந்தது. அண்ணா அங்கே நெடுந்தூர லொறி ஓட்டுபவர். சில வருடங்களுக்கு ஒருமுறை, பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில், குடும்பத்தோடுதான் வருவார். இந்த முறை மழைக்காலத்தில், தனியாக வருகிறாராம்.

மனைவியிடம் சொன்னேன். அவள் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"வீட்டு விசயமாத்தான் இருக்கும்" என்றாள்.

நாங்கள் இருக்கும் வீடு அப்பா கட்டியது. எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் வளவைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டுப் போனால், அடுத்த வருடம் வளவு கைமாறி அங்கே புது மதில் எழும்பும். எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கிலேயே அப்படிச் சில வீடுகள் உண்டு. நான் அவளைக் கோபித்தேன். ஆனாலும் அவள் சொன்னது என் மனதை விட்டுப் போகவில்லை.

அண்ணா வந்தார். மெலிந்திருந்தார். வந்த மறுநாளே பெட்டியைத் திறந்து, ஒரு பழைய சேர்ட்டில் சுற்றியிருந்த ரேடியோவை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளங்கையளவு கறுப்புப் பெட்டி, சிறிய திரை, கூடவே நீண்ட வயரின் நுனியில் காந்தம் வைத்த தீப்பெட்டி போன்ற அன்ரனா.

"புதுசு" என்றார்.

நான் கையில் எடுத்துப் பார்த்தேன். பொத்தான்களில் எழுதியிருந்த எழுத்துகள் தேய்ந்து அழிந்திருந்தன. பின்பக்கத்து வயர் கழற்றப்படவில்லை. கத்தியாலோ குறட்டாலோ வெட்டப்பட்டிருந்தது. புதுசு என்று ஏன் பொய் சொல்கிறார் என்று மட்டும் நினைத்தேன்.

அன்று பின்னேரம் மனைவி என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். அண்ணாவை அவள் அத்தான் என்றுதான் சொல்வாள்.

"இஞ்சேருங்கோ, அத்தான் போனில கதைச்சது கேட்டனான். 'விக்கிறதெண்டா விக்கட்டும், நான் கையெழுத்து வைக்கிறன்' எண்டு சொன்னவர். நான் சொன்னனான் தானே."

அதன் பிறகு அவர் என்ன செய்தாலும் எங்களுக்கு ஓர் அர்த்தம் தெரிந்தது. அவர் கூரையை அண்ணாந்து பார்த்தால் விலை மதிக்கிறார். முன்னறையில் போய் நின்றால் அளவு பார்க்கிறார். "இந்த அறையில இப்ப ஆர் படுக்கிறது?" என்று ஒருநாள் சாதாரணமாகக் கேட்டார். மனைவி சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

இன்னொன்றும் எனக்கு நெருடியது. முன்பெல்லாம் வந்து இறங்கியவுடன் கார்த் திறப்பைத் தா என்று வாங்கி, தானே வண்டி ஓட்டுவார். இந்த முறை பக்கத்து இருக்கையில் ஏறிப் பட்டியைப் போட்டுக்கொண்டார். ஓடுங்கோ அண்ணா என்று திறப்பை நீட்டினேன்.

"வேண்டாம். இஞ்சத்த ரோட்டு எனக்கு மறந்துபோச்சு" என்றார்.

பனியிலும் மலையிலும் லொறி ஓட்டும் மனிதருக்கு எங்கள் ஊர் உட்துறைமுக வீதி மறந்துபோனதாம்.

ரேடியோ பூட்ட அவரைக் கூட்டிக்கொண்டு நகரத்தில் ஒரு கடைக்குப் போனேன். கிண்ணியாவிலிருந்து தினமும் வந்து போகிற ஒருவர் நடத்தும் கடை. நாற்பது வயதிருக்கும். அண்ணாவின் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது.

"சேர், இது என்ன சாமான்? கதைக்கிற ரேடியோவா, கேக்கிற ரேடியோவா?"

"கேக்கிறது மட்டும்தான்" என்றார் அண்ணா.

"நேவிக்காரன் இரிக்கிற இடம் சேர் இது. அன்ரனாவ மேல வெச்சா கேள்வி வரும். எங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராதே?"

அவர் அதைத் தன் தொலைபேசியில் படம் எடுத்தார். எதற்கு என்று கேட்டேன். சும்மா, சாமானப் பத்திப் பாக்க என்றார். அந்தச் 'சும்மா' எனக்குப் பிடிக்கவில்லை. யாருக்கு அனுப்பப் போகிறார்? ஒரு பற்றரி ரேடியோவை வைத்திருந்ததற்கே பதில் சொல்ல வேண்டியிருந்த யுத்த காலத்தில் வளர்ந்தவன் நான். அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

கடைக்காரர் இன்னொரு சிக்கலையும் சொன்னார். செய்மதிப் பெட்டி தானாகச் சத்தம் போடாது. அதன் சத்தத்தை வாங்கிப் பாடுவதற்குக் காரில் ஒரு நல்ல செற் வேண்டும். காரோடு வந்த ஜப்பான் ரேடியோ செற்றில் வயர் செருகத் துளையே இல்லை. ஆகவே புதிய செற் ஒன்றும் தெரிவு செய்ய வேண்டியதாயிற்று.

அவர் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது அகலத் திரையுள்ள சீனச் செற். வரைபடம், யூடியூப் எல்லாம் வருமாம். அதன் ஓரத்தில் ஊசிமுனை போல ஒரு துளை இருந்தது. அது என்ன என்று கேட்டேன். மைக் என்றார். காருக்குள் நாங்கள் கதைப்பது வேறெங்கே போகுமோ என்று அதைத் தள்ளி வைத்தேன். இரண்டாவது பெயர் பெற்ற ஜப்பான் செற், பாவித்தது. எந்தக் காரிலிருந்து எப்படிக் கழற்றியதென்று தெரியாது. மூன்றாவது வெறும் செற். எஃப்.எம்., புளூடூத், ஒரு துளை. அதையே எடுத்தேன்.

"அது நல்லம், தம்பி. வேலை குறைஞ்ச சாமானில பழுதும் குறைவு" என்றார் அண்ணா. என் தெரிவை அவசரமாக ஒத்துக்கொள்வது போலிருந்தது.

கடைக்காரர் முன்பக்கத்துப் பிளாஸ்டிக்கைக் கழற்றி, பழைய செற்றை இழுத்தெடுத்து, வயர்களை ஒவ்வொன்றாகப் பொருத்தினார். அன்ரனாவைக் கூரையில் வைக்க மறுத்துவிட்டார். முன்கண்ணாடிக்கு உள்ளே, ஓரமாக ஒட்டினார். எஃப்.எம். அந்த இடத்திலேயே தெளிவாகப் பாடியது. செய்மதிப் பெட்டியின் சிறிய திரை நீல வெளிச்சத்தில் எரிந்தது. 'சிக்னல் தேடுகிறது' என்று ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. ஓடிக்கொண்டேயிருந்தது.

"மழை மூட்டம்" என்றார் அண்ணா.

மறுநாள் வெயில் அடித்தது. டச்சுக்குடாக் கடற்கரையோரம் நிறுத்தி, அண்ணா அன்ரனாவைக் கழற்றிக் காரின் கூரையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோட்டார் சைக்கிளில் போன இளம் கடற்படைச் சிப்பாய் ஒருவர் திரும்பி வந்து நிறுத்தினார். சிங்களத்தில் இது என்ன என்று கேட்டார். ரேடியோ என்றேன். அவர் குனிந்து உள்ளே பார்த்தார். திரையில் அந்த எழுத்து ஓடியது. 'வேலை செய்யவில்லையே' என்றார். இல்லை என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். என் சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது.

அன்று அலுவலகத்தில் வேலை குறைவு. கணினியில் தேடிப் பார்த்தேன். அந்த ரேடியோவுக்குரிய செய்மதிகள் வட அமெரிக்காவுக்கு மேலேதான் நிற்கின்றனவாம். திருகோணமலையில் என்ன, இந்தப் பக்கத்தில் எங்குமே அது பாடாது. எத்தனையோ வருடம் இப்படியொரு ரேடியோவைக் கேட்டு லொறி ஓட்டிய மனிதருக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் எதற்குக் கொண்டுவந்தார்? ஒரு பாடாத ரேடியோவைக் காட்டி எங்களை எதற்குத் தயார் செய்கிறார்?

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், வடக்கே வெட்டவெளியில் சிக்னல் வருமோ பார்ப்போம் என்று நானே அண்ணாவைக் கூப்பிட்டேன். என்னதான் சொல்லப் போகிறார் பார்ப்போம் என்பதுதான் என் எண்ணம். சாம்பல்தீவு தாண்டினோம், நிலாவெளி தாண்டினோம். அவர் திரையையே பார்த்துக்கொண்டு வந்தார். இறக்கக்கண்டிப் பாலத்துக்கு அப்பால் ஓரமாக நிறுத்தினேன். களப்பில் இரண்டு பேர் வலை வீசிக்கொண்டிருந்தார்கள். மேலே ஒரு துண்டு மேகமும் இல்லை.

"அண்ணா, இது இஞ்ச வேலை செய்யாது எண்டு உங்களுக்குத் தெரியும், என்ன?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"ஓம்" என்றார். "தெரியும்."

"பிறகேன் கொண்டுவந்தனீங்கள்? புதுசு எண்டு வேற சொன்னீங்கள். வீட்டை விக்கிறதெண்டா நேர சொல்லுங்கோவன். நாங்கள் என்ன வேற்று ஆக்களோ?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உண்மையாகவே ஒன்றும் விளங்காத முகம்.

"எந்த வீட்டை?"

"போனில கதைச்சனீங்கள் தானே, விக்கட்டும் எண்டு."

"அது லொறியடா" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். போன பனிக்காலம், வெறும் சமவெளியில் நேராகப் போகும் ஒரு நெடுஞ்சாலை.

"பாட்டு ஒண்டு போய்க்கொண்டிருந்தது. அது எனக்கு நல்ல ஞாபகம். அது எப்ப முடிஞ்சது எண்டு தெரியாது. கண் முழிக்கேக்க லொறி ரோட்டை விட்டு இறங்கி பனிக்குள்ள நிக்குது. நாக்குக் கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். ரேடியோவில ஒருத்தன் பகிடி சொல்லிச் சிரிச்சுக்கொண்டிருக்கிறான்."

"நித்திரையோ?"

"நித்திரை எண்டுதான் பொலிசுக்குச் சொன்னனான். டொக்டர் இல்லையெண்டிட்டார். வலிப்பு. இந்த வயசில வந்திருக்கு. நல்ல காலம், ஒருத்தரும் அடிபடேல்லை. லைசென்ஸை எடுத்துப்போட்டாங்கள்."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன்.

"லொறியை விக்கக் குடுக்க முதல் என்ர சாமானை எடுக்கப் போனனான். எல்லாத்தையும் எடுத்தன். கடைசியா இதைக் கழட்ட ஏலாமல் போச்சு, வெட்டி எடுத்தன். வீட்டில வைக்கவும் ஏலாது, கண்டால் உன்ர அண்ணி அழுவாள். நீ ரேடியோ மாத்தப்போறன் எண்டு சொன்னாய். அதுதான். கையில ஒரு காரணம் இல்லாமல் வாறதுக்கு ஒரு மாதிரி இருந்தது" என்றார்.

"அண்ணிக்குத் தெரியுமோ, நீங்கள் இஞ்ச என்ன நிலையில நிக்கிறீங்கள் எண்டு?"

"தெரியும். அவள்தான் போயிட்டு வாங்கோ எண்டவள். அங்க நான் குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியில நிண்டு கூப்பிட்டுக்கொண்டு நிப்பாள். அவளுக்கும் ஓய்வு வேணும். கொஞ்ச நாள் அந்த முன்னறையில இருந்திட்டுப் போகட்டோ?"

"அது உங்கட வீடும்தானே" என்றேன். சொன்ன பிறகு, இந்தச் சொல்லை வந்த அன்றே சொல்லியிருந்தால் அவருக்கு இதைக் கேட்க இந்தப் பாலம்வரை வர வேண்டியிருந்திருக்காது என்று பட்டது. ஆனாலும் என் புத்தி வேறு பக்கம் ஓடியது. மருந்துக் குளிசைகளை ஒழுங்காகப் போடுகிறாரா? இப்போது சொன்னதுதான் முழுக்கதையா? அது ஒருமுறைதான் வந்ததா?

கேட்டேன். ஒருமுறைதான் என்றார். நான் நம்பவில்லை. இரண்டாம் முறை கேட்டபோது, வீட்டிலும் ஒருமுறை வந்ததென்று ஒத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் தனியாகச் சொன்னேன். அவள் முதலில், "அப்ப காணிக் கதை ஒண்டும் கதைக்கேல்லையோ?" என்றாள். பிறகு கதிரையில் இருந்துவிட்டாள். அன்று பின்னேரம் அண்ணா துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனபோது, குசினியிலிருந்து அவளுடைய குரல் கேட்டது.

"அத்தான், கதவுக்குக் கொண்டி போடாதேங்கோ. சும்மா சாத்திவிடுங்கோ."

அண்ணா என்னைப் பார்த்தார். "இதுக்குத்தானே நான் அங்க இருந்து ஓடி வந்தனான்" என்றார். வந்ததிலிருந்து அன்றுதான் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

செய்மதிப் பெட்டியை அவரே கழற்றினார். இந்த முறை வயரை வெட்டவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த அன்ரனாவை நான் எடுத்தேன். புதிய செற்றில் எங்கள் நிலையங்கள் எல்லாம் வந்தன. காலையில் என்னை அலுவலகத்தில் விடும் சாட்டில் அவரும் கூட வருவார். ஆனால் ஓட்டுவது நான்தான். என்னை விட்ட பிறகு கடற்கரையோரமாக நடந்தே வீட்டுக்குப் போவார். முதல் நாட்களில், அவருக்குத் தெரியாமல் அலுவலக மேல்மாடி யன்னலிலிருந்து அவர் வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

உயிர்த்த ஞாயிறு முடிந்துதான் திரும்பிப் போனார். இங்கே இருந்த காலத்தில் ஒன்றும் வரவில்லை. எங்கள் கண்ணில் படவில்லை என்று சொல்வதுதான் சரி. இப்போது அவர் ஒரு சரக்கு நிலையத்தில், லொறிகளுக்கு வழி சொல்லி அனுப்பும் மேசையில் வேலை செய்கிறார். ஒவ்வொரு கிழமையும் போன் எடுப்பார். "நான் நல்ல சுகம், ஒரு பிரச்சினையும் இல்லை" என்பார். நான் ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு, "அண்ணியிட்ட ஒருக்காக் குடுங்கோ" என்பேன்.