பகல் தூக்கத்துக்கு ஆறு அறைகள்

குத்தகைக் குடியிருப்பு விதிகள், பிரிவு ஒன்பது, உட்பிரிவு (ஆ): "படுக்கை அறை ஒவ்வொன்றிலும் பகல் வெளிச்சம் தாராளமாக வர வேண்டும். ஜன்னல்களை நிரந்தரமாக மறைக்கக் கூடாது."

இந்த விதியை எழுதியவர் இரவில் தூங்குபவர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் கும்மிடிப்பூண்டியில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நிர்வாக அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். கேன்டீன், பஸ், யூனிஃபார்ம், இவற்றோடு பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுப்பதும் என் வேலை. தென்மாவட்டங்களிலிருந்து பெட்டியும் பக்கெட்டுமாக வந்து இறங்குவார்கள். வாரம் ஒரு ஷிஃப்ட் மாறும். சி ஷிஃப்ட் என்றால் இரவு பத்தரைக்கு உள்ளே போய், காலை ஏழு மணிக்கு வெளியே வருவார்கள். அதன் பிறகு நாம் எல்லோரும் விழித்திருந்து சத்தம் போடும் நேரத்தில் அவர்கள் தூங்க வேண்டும்.

வீடு பார்க்க என்னிடம் ஒரு படிவம் இருந்தது. பதினெட்டுக் கேள்விகள். தரையில் டைல்ஸ் உண்டா, காம்பவுண்ட் சுவர் உண்டா, வாகனம் நிறுத்த இடம் உண்டா. 'இங்கே தூங்க முடியுமா' என்ற கேள்வி மட்டும் இல்லை. இருபத்திரண்டு வருடம் அந்தப் படிவத்தை நிரப்பிய எனக்கும் அது தோன்றவில்லை.

எஸ்தரின் லைன் வீடு

புதுவாயல் கூட்ரோட்டில் கடைத்தெருவுக்குப் பின்னால், ஒரே வரிசையில் ஆறு அறைகள். எதிரே புதிதாக மூன்று மாடிக் கட்டடம் ஒன்று எழும்பியிருந்தது. கிரானைட் படி, ஸ்டீல் கேட், வாசலில் கண்ணைக் குத்தும் எல்.இ.டி. விளக்குகள். அது வந்த பிறகு லைன் வீட்டில் ஆறில் ஐந்து அறை காலி. எங்களுக்கு ஐந்து அறை தேவைப்பட்டது. எனவே படிவத்தோடு போனேன்.

வண்டியிலிருந்து இறங்கியதுமே என் டிரைவர் ரமணய்யா முகத்தைச் சுளித்தார். ஆரம்பாக்கம் பக்கத்துக்காரர். எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதவர்.

"இன்னா சார், இந்த ஊட்டுக்கு ஜன்னலே இல்லையா? குடோன் மாரி கீது."

"நைனா, மெதுவா பேசு," என்று உள்ளேயிருந்து ஒரு குரல் அதட்டியது. "மூணாம் நம்பர்ல பொண்ணு தூங்குது."

அதுதான் வீட்டுக்காரர் எஸ்தர். வயது ஐம்பதை ஒட்டி. கணவர் வள்ளூர் அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் லாரி ஓட்டுகிறவர். எஸ்தரே பதினோரு வருடம் ஒப்பந்தக்காரர் மூலம் ஒரு பேக்கிங் லைனில் நின்றவர், பெரும்பாலும் சி ஷிஃப்ட். முட்டி தேய்ந்து வெளியே வந்து, சேர்த்ததையும் கடன் வாங்கியதையும் போட்டு இந்த ஆறு அறைகளைக் கட்டியிருந்தார்.

காலியாக இருந்த ஒன்றாம் எண் அறையைத் திறந்தார். காலை பதினொரு மணி. உள்ளே கண் தெரியவில்லை. ஜன்னலை ஒரு கனமான திரை மூடியிருந்தது. உள்பக்கம் பழைய வாயில் புடவை. அதைத் தூக்கிப் பார்த்தேன். ஓர் அரசியல் பிரமுகர் பல் தெரியச் சிரித்துக் கைகூப்பி நின்றார்.

"பின்னாடி கறுப்பா இருக்கிற ஃபிளெக்ஸ் சார். கூட்டம் முடிஞ்சா தூக்கித்தான் போடறாங்க. கறுப்புப் பக்கம் வெயில நிறுத்திடும். இவரப் பாத்துக்கினு எந்தப் பொண்ணு சார் தூங்கும்? அதான் புடவையப் போட்டு மூடிட்டேன்."

"காத்து?"

மேலே காட்டினார். கூரைக்குக் கீழே எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டிரண்டு செங்கல்லை எடுத்துவிட்டு வலை அடித்திருந்தார். ஒரு பக்கம் சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன். மொட்டை மாடியில் சுண்ணாம்பும் பசையும் கலந்து மூன்று கை பூசியிருந்தார். வெளியே சித்திரை வெயில். உள்ளே அந்த மாதிரி இல்லை.

"கதவ ஓங்கிச் சாத்துங்க சார்."

"தூங்குறாங்கன்னு சொன்னீங்களே?"

"சாத்துங்க, சொல்றேன்."

இரும்புக் கதவு. ஓங்கிச் சாத்தினேன். 'புஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பழைய சைக்கிள் ட்யூபைப் பட்டை பட்டையாக வெட்டி நிலை முழுக்க ஒட்டியிருந்தார். பஞ்சர் கடையில் சும்மா கொடுத்ததாம்.

ஒவ்வொரு படுக்கைக்கும் தலைமாட்டில் ஒரு பிளக், செல்போன் வைக்க ஒரு பலகை, ஒரு ஸ்விட்ச். அந்த ஸ்விட்சைப் போட்டால் அறைக்கு வெளியே ஒரு மஞ்சள் குண்டு பல்ப் எரியும். எரிந்தால் உள்ளே ஆள் தூங்குகிறது என்று அர்த்தம். பால்காரர், சிலிண்டர்காரர், கூரியர் பையன், யாரும் தட்டக் கூடாது.

"மொதல்ல சிகப்பு பல்ப்தான் சார் போட்டேன். எங்க லைன்ல சிகப்பு எரிஞ்சா மிஷின் நின்னு போச்சுன்னு அர்த்தம். தூங்கறவ நின்னு போனவதான? எதிர் ஊட்டுக்காரி வந்து, 'இன்னாடி எஸ்தரு, பொண்ணுங்க இருக்கிற எடத்துல சிகப்பு லைட்டு?'ன்னு வுழுந்து வுழுந்து சிரிச்சா. அன்னிக்கே கழட்டி மஞ்சளாக்கிட்டேன்."

ரமணய்யா சிரிப்பை அடக்க வெளியே போனார்.

"இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும்? பதினோரு வருஷம் பகல்ல தூங்கப் பாத்தவ நானு. எதெது எழுப்பி உடும்னு எனக்குத் தெரியாதா? வெயிலு, கதவு, மோட்டாரு, பால்காரன். ஒண்ணொண்ணா அடிச்சிக்கினே வந்தேன். மோட்டாரக்கூட காலைல எட்டு மணிக்கு மேல போட மாட்டேன்."

அது ஒரு படிவம். என் கையிலிருந்ததைவிட நல்ல படிவம்.

பரிசோதனையின் நடுவே

படுக்கையின் நீளத்தை அளக்க வேண்டும் என்பது பன்னிரண்டாவது கேள்வி. டேப் எடுத்துவர ரமணய்யாவை அனுப்பினேன். காத்திருக்கும் நேரத்தில் கட்டில் உறுதியாக இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்தேன். பிறகு சாய்ந்து பார்த்தேன்.

எழுந்தபோது மணி மூன்று.

வெளியே வந்தால் தலைக்கு மேல் மஞ்சள் பல்ப் எரிந்துகொண்டிருந்தது. வண்டிக்குள் ரமணய்யா சாப்பாட்டுப் பொட்டலத்தை முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"எழுப்பக் கூடாதா?"

"அந்தம்மாவே லைட்டப் போட்டுட்டு கிட்ட உடல சார். லைட்டு எரியுது, கிட்ட போனா காலை ஒடைப்பேன்னாங்க."

என் பணிக்காலத்தில் ஆய்வுக்குப் போன இடத்தில் நான் தூங்கியது அந்த ஒரு நாள்தான். அந்த வீட்டைப் பற்றி என்னிடமிருந்த மிக வலுவான சான்றும் அதுதான். நோட் ஷீட்டில் எழுத முடியாத சான்று.

கிளம்பும்போது எஸ்தர் கேட் வரை வந்தார். அதுவரை இருந்த கிண்டல் குரலில் இல்லை.

"சார், இந்த ஆறு ரூமும் நான் மறுபடியும் சி ஷிஃப்டுக்குப் போவக் கூடாதுன்னு கட்டினது. ரூமு ரொம்பலன்னா திரும்பப் போவணும். காண்ட்ராக்டர் வந்துடுன்னு சொல்லிக்கினு கீறாரு. பாத்து செய்யுங்க."

"கண்டிப்பா வந்துடும்மா. ஆர்டர் வர்ற வரைக்கும் வேற யாருக்கும் தந்துடாதீங்க. பரிசீலனையில இருக்கிற அறையை வேற ஆளுக்குத் தந்தா கேஸ் தள்ளுபடி ஆயிடும்."

விதிப்படி நான் சொன்னது சரி. என் வாயிலிருந்து வந்த மிக மோசமான வாக்கியமும் அதுதான்.

பிரிவு பதினான்கு

ஜன்னலை 'நிரந்தரமாக' மறைக்கக் கூடாது என்கிறது விதி. எஸ்தரின் திரை பைப்பில் ஓடும், இழுத்தால் திறக்கும். எனவே நிரந்தரமல்ல. ஆனால் அதை யாரும் திறக்கப் போவதில்லை. எனவே நிரந்தரம்தான். இரண்டு பக்கமும் வாதாட என்னால் முடியும்.

அதே விதிப்புத்தகத்தில் பிரிவு பதினான்கு உண்டு. உள்ளூர் நிலவரத்தைக் கருதி, நிர்வாக அதிகாரி காரணத்தைப் பதிவு செய்து எந்த நிபந்தனையையும் தளர்த்தலாம். ஒரு பத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அன்று மாலையே வேலை முடிந்திருக்கும். போடவில்லை. தணிக்கைக்கு வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள் என்று பயந்து, 'தெளிவுரை வேண்டி' என்று தலைப்பிட்டு ஃபைலைச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். இப்படி அனுப்பிவிட்டால் தூக்கம் நன்றாக வரும். நமக்கு.

முதல் கேள்வி வந்தது: ஜன்னலின் பரப்பளவு என்ன? பதில் அனுப்பினேன். இரண்டாவது: திரை தீப்பிடிக்குமா? இது ஒன்றுதான் நியாயமான கேள்வி. எஸ்தரிடம் சொன்னதும் மறுநாளே பிளக்குகளை ஜன்னலை விட்டு எதிர்ச்சுவருக்கு மாற்றிவிட்டார். மூன்றாவது: திரை மூடிய நிலையில் அறைக்குள் பகல் வெளிச்சம் வருவதைக் காட்டும் புகைப்படம் வேண்டும்.

தலைமை அலுவலகத்து உதவி மேலாளரைப் போனில் கூப்பிட்டேன்.

"சார், ரொம்ப சிம்பிள். ஜன்னலத் திறந்து வைக்கச் சொல்லிடுங்க," என்றார்.

"அந்த நேரத்துல பொண்ணுங்க தூங்குவாங்க சார்."

"பகல்லயா? எதுக்கு?"

நம் நிறுவனத்துக்கு மூன்று ஷிஃப்ட் உண்டு என்பதை அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "இதை எழுத்துல அனுப்புங்க," என்றார்.

காலை ஏழேகால்

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் பஸ் தாமதம் பற்றி வந்த புகாரை விசாரிக்கக் காலையிலேயே புதுவாயல் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். வேறொரு கம்பெனியின் பஸ் வந்து நின்றது. சி ஷிஃப்ட் முடித்த பெண்கள் இறங்கினார்கள். கடைசியாக, கம்பியைப் பிடித்து ஒரு காலை முதலில் வைத்து, மறு காலை இழுத்து வைத்து எஸ்தர் இறங்கினார். நீல ஓவர்கோட், தலையில் இன்னும் வலைத் தொப்பி.

என்னைப் பார்த்ததும் சங்கடப்பட்டவர் அவரல்ல, நான்.

"எப்போலேர்ந்தும்மா?"

"மூணு வாரமாச்சு சார். நீங்க யாருக்கும் தராதீங்கன்னீங்க. எட்டுப் பேரு வந்து கேட்டாங்க, கம்பெனிக்கு சொல்லிக்கீறேன்னு திருப்பி அனுப்பிட்டேன்." தொப்பியைக் கழற்றி மடித்தார். "பாருங்க சார் பேஜார. தூங்கறவங்களுக்கு ஊடு கட்டிட்டு நான் முழிச்சிக்கினு கீறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் விதியை எடுத்துக் காட்டியிருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"ஆர்டருக்குக் காத்திருக்காதீங்க. வர்றவங்களுக்குக் கொடுத்துடுங்க," என்றேன்.

"கேஸ் தள்ளுபடி ஆயிடும்னீங்களே?"

"ஆகட்டும்."

"அப்ப கம்பெனிக்கு?"

"கம்பெனி வெளியே நிக்கட்டும்மா."

ஒரு ஃபைலுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று நான் ஒருவரிடம் சொன்னது அதுவே முதல் முறை. தலைமை அலுவலகத்துக்குப் போன ஃபைலைத் திரும்ப வாங்க வழியில்லை. வாங்க முடிந்தால்தானே பிரிவு பதினான்கு? ஆனால் கேன்டீன் அறிவிப்புப் பலகை என் பொறுப்பில் இருந்தது. அதில் எதை ஒட்டவும் நிர்வாக அதிகாரியின் அனுமதி வேண்டும். நானே விண்ணப்பித்து, நானே பரிசீலித்து, நானே அனுமதித்தேன். இத்தனை வேகமாக எந்த விண்ணப்பமும் எங்கள் அலுவலகத்தில் நகர்ந்ததில்லை.

"பகலில் தூங்க அறை. பெண்களுக்கு மட்டும். புதுவாயல். எஸ்தர்."

டைல்ஸ் பற்றியோ கேட் பற்றியோ ஒரு வரி எழுதவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பலகை முன்னால் கூட்டம். "பகல்லயா தூங்க? நெஜமாவா?" என்று ஒரு பெண் கேட்க, இன்னொருத்தி, "நோட்டீஸ் போட்டவரே நாலு மணி நேரம் தூங்கினாராம்டி, டிரைவர் அண்ணன் சொன்னாரு," என்றாள். ரமணய்யா என் சான்றை முறைப்படி பதிவு செய்துவிட்டார்.

பத்து நாளில் ஐந்து அறையும் நிறைந்தன. எதிர் மாடிக் கட்டடத்திலிருந்தே நான்கு பெண்கள் சாலையைக் கடந்து வந்தார்கள். கிரானைட் படி அழகுதான், ஆனால் அங்கே மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மோட்டார் ஓடும். எஸ்தர் அந்த மாதக் கடைசியோடு பேக்கிங் லைனிலிருந்து நின்றுவிட்டார்.

படிவம் நிரப்புகிறவர்களுக்கு

இதைப் படிக்கும் இளைய அதிகாரிகளுக்கு இரண்டு விஷயம். விதிப்புத்தகத்தை வாங்கியதும் உங்களுக்கு அதிகாரம் தரும் பிரிவு எது என்று முதலில் தேடுங்கள். தடுக்கிற பிரிவுகளை மற்றவர்கள் தேடிக் கொடுப்பார்கள். அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் மேலே அனுப்பினால், நீங்கள் காப்பாற்றிக்கொண்டது உங்களை மட்டும்தான். இடையில் யாரோ ஒருவர் தேய்ந்த முட்டியோடு பஸ் ஏறுகிறார்.

வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், டைல்ஸ் மாற்றும் முன் குடிவருகிறவர் எத்தனை மணிக்குத் தூங்குகிறார் என்று கேளுங்கள் என்பேன். எஸ்தர் ஆறு அறைகளுக்கும் செய்த மொத்த வேலை, எதிர் வீட்டு ஸ்டீல் கேட்டின் விலையைத் தொடாது. நான் பார்த்த எந்தக் கட்டடப் பொறியாளருக்கும் அந்தக் கணக்கு தெரியாது. எனக்கும் தெரியாது, தூங்கிப் பார்க்கும் வரை.

தலைமை அலுவலகத்தின் உத்தரவு ஏழாவது மாதம் வந்தது. அறைகளுக்கு அனுமதி. நிபந்தனை ஒன்று: தினமும் காலை பத்து முதல் மாலை நான்கு வரை திரைகள் திறந்திருக்க வேண்டும். நடைமுறைப்படி, நிபந்தனையை ஏற்கிறாரா என்று கேட்டு எஸ்தருக்குக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டு ஒன்று. பதில் இல்லை. நினைவூட்டு இரண்டு. தாமதம் எனக்கு நியாயமாகவே பட்டது.

கடைசியில் செக்யூரிட்டி கேட்டில் ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த நோட்டுத்தாள் என் மேஜைக்கு வந்தது.

"சார், ரூம் ஆறும் ஃபுல். காலியானா சொல்லி அனுப்பறேன். கம்பெனி பேர லிஸ்ட்ல பதினாலாவதா எழுதிக்கீறேன். நேத்து ராத்திரி முழுக்கத் தூங்கினேன். எஸ்தர்."

தாளின் மூலையில் எங்கள் தபால் பிரிவின் ரப்பர் முத்திரை: பெறப்பட்ட நாள், டிசம்பர் 12.