தாமரை மேய்ந்த எருமை

மாதுங்காவில் அந்தத் தமிழ்ப் பள்ளியில் பதினோராம் வகுப்புத் தமிழ் என்னுடையது. அறுபதுகளின் தொடக்கத்தில், தாராவியில் குடியிருந்த ஒருத்தி வேலைக்கு வந்து சேரும்வரை அதில் யாரும் கை வைத்ததில்லை. திருநெல்வேலிக்காரி. சேர்ந்த மாதமே பிள்ளைகள் அவள் பின்னால் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அப்படி என்னத்தைக் கண்டார்களோ!

தலைமையாசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ஒரே பாட்டை ஆளுக்கொரு பீரியட் நடத்துங்கோ. நான் பின்னாடி உக்காந்து கேக்கறேன். பதினொண்ணு யாருக்குன்னு சாயங்காலம் சொல்றேன்." என் வகுப்புக்கு எனக்கே பரீட்சை!

மருதத்திணைப் பாட்டு. கரையில் புல் கிடக்க, குளத்தில் இறங்கித் தாமரையை மேய்கிறது எருமை. மனைவியை விட்டுப் பரத்தையிடம் போன கணவனைத் தோழி அப்படிக் குத்திக்காட்டுகிறாள். பரத்தை வரும் இடத்தில், வழக்கம்போலத் தொண்டையைக் கனைத்து, அந்தச் சொல்லைச் சொல்லாமல் "வேறு இடம்" என்று தாண்டினேன். ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், எருமை எப்படிக் குளத்துக்குப் போவும்? தபேலாவுல கட்டித்தான போட்டிருப்பாங்க?"

பம்பாயிலேயே பிறந்தவள். மாட்டுக்கொட்டகையில் கட்டிக் கிடக்கும் எருமையைத் தவிர வேறு எருமையைப் பார்த்ததில்லை. வகுப்பே சிரித்தது. "அதிகப்பிரசங்கி, உட்காரு!" என்றேன்.

அடுத்த பீரியட் திருநெல்வேலிக்காரியுடையது. நான் வராந்தாவில் ஜன்னலோரம் நின்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா?

"ஏ பிள்ளையளா, தபேலா எருமைய அவுத்து விட்டா எங்க ஓடும்?"

"கட்டருக்கு!"

"தீனி வச்சவ கூப்பிட்டா?"

"திரும்பிக்கூடப் பாக்காது டீச்சர்!"

"அப்பம் யாருக்கு வயிறு எரியும்?"

"தீனி வச்சவளுக்கு!" முதலில் கத்தியது அதே பெண்தான்.

"அவதான் தலைவி."

தலைமையாசிரியர் தொடையைத் தட்டிச் சிரித்தார். தாமரைக் குளத்தைக் கொண்டுபோய்க் கட்டர் சாக்கடையில் தள்ளிவிட்டாளே, பாவி! அவள் சொன்னதில் ஒரு குற்றம்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சாயங்காலம், "பதினொண்ணு இனிமே அவாளே எடுக்கட்டும்" என்றார் தலைமையாசிரியர். வெளியே வந்தேன். வாசலில், தபேலா எருமையைக் கேட்ட அந்தப் பெண் ஓடி வந்தாள். ஐந்தாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாமல் அழுதவள் அவள். சாப்பாட்டு நேரமெல்லாம் பக்கத்தில் உட்கார வைத்து, அவளைத் தமிழ் படிக்க வைத்தது நான். இப்போது முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்களும் அந்தக் கிளாஸ்ல உக்காந்திருக்கணும் டீச்சர். உங்களுக்கும் அந்தப் பாட்டு நல்லாப் புரிஞ்சிருக்கும்."