சும்மா இருப்பவள் வீட்டு இஸ்திரிப்பெட்டி

சைகோனில் துணிக்கடை வைத்திருக்கும் காரைக்கால்காரர் என் கணவர். நான் வீட்டிலேயே வியட்நாம் பெண்கள் உடுத்தும் நீள அங்கிகளைத் தைத்துக் கொடுக்கிறேன். அவர் கடையில் ஈ ஓட்டினாலும் அது வேலை. நான் நிமிராமல் தைத்தாலும் ‘சும்மா’ இருப்பதாகத்தான் எல்லோருக்கும் நினைப்பு.

சண்டை நடக்கும் ஊரில் மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அன்று ஒரு கல்யாண அங்கிக்கு இஸ்திரி போடும்போது போய்விட்டது. அந்த நேரம் பார்த்து மாடி வீட்டு அக்கா, எங்கள் வழக்கில் லாத்தா, கூப்பிட்டார்.

“வீட்டுல சும்மாத்தானே இருக்கே புள்ள? கறியைக் கொஞ்சம் பாத்துக்க. சந்தைக்குப் போயிட்டு ஓடியாந்துடுறேன்.”

மின்சாரம்தான் இல்லையே என்று பெட்டியை அங்கி மேலேயே விட்டுவிட்டு மாடிக்குப் போனேன். கறியைக் கிளறும்போது கருகல் வாடை வந்தது. சட்டியைப் பார்த்தேன்; கறி நன்றாகத்தான் இருந்தது. நிமிர்ந்தால், விளக்கு எரிகிறது!

விழுந்தடித்து இறங்கினேன். அறை முழுக்கப் புகை. மேஜைக்குக் கீழே தூங்கிய என் மகள் இருமிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, அவளுக்கு ஒன்றுமில்லை. அங்கிதான் பாழ்.

கணவர் வந்து, “வீட்டுலேயே இருந்துகிட்டு இதைக்கூடப் பாக்க முடியலையா?” என்றாரே பார்க்கலாம்! நீங்களே சொல்லுங்கள், அவரை யாராவது கடையிலிருந்து கறி கிளறக் கூப்பிடுவார்களா?

இப்போதெல்லாம் மின்சாரம் போனதும் முதலில் பிளக்கைப் பிடுங்குகிறேன். மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு வரை கதவுக்குத் தாழ்ப்பாள். லாத்தா தட்டினால், “கடையில இருக்கேன் லாத்தா, மதியம் வாங்க” என்கிறேன். போன வாரம் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்த கணவரும் தட்டினார். கழுத்துப்பட்டியைத் தைத்து முடித்த பிறகுதான் திறந்தேன். வெளியே நல்ல மழை.