அண்ணையின் அறைக்குச் சோலைவரி

நகரசபை உத்தியோகத்தர் வீட்டை மதிப்பிட வந்த அன்று நான் மட்டுமே இருந்தேன். ஐயாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள். வெளிநாடு போகவென்று புறப்பட்ட அண்ணையிடமிருந்து இரண்டு வருடமாகக் கடிதமில்லை.

சண்டையில் ஷெல் விழுந்து அண்ணையின் அறைக் கூரையில் பாதி போயிருந்தது. அதைக் காட்டி, அந்த அறை இனித் தேவையில்லை என்று சொல்லி, வீட்டுக்குக் கட்டும் சோலைவரியைக் குறைக்கும்படி நானே மனு எழுதியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் மனு எழுதத் தெரிந்த முதல் ஆள் நான்தான். தோட்டம் செய்து என்னைப் படிப்பித்தது அண்ணை.

தென்னோலைக் கிடுகு போட்டு மறைத்த மூலையில் அண்ணையின் கட்டிலில் படுக்கை விரித்திருந்தது. உத்தியோகத்தர் எட்டிப் பார்த்தார்.

"உதிலை ஆர் படுக்கிறது, தம்பி?"

"ஒருத்தரும் இல்லை, சேர்."

"பிறகேன் தலையணை? பேய்க்கோ?"

நான் தலையணை உறையை இழுத்துச் சரிசெய்தேன்.

"பாவிக்கிற அறையைக் கழிக்கேலாது. கட்டிலை வெளியிலை எடும். வெறும் அறை எண்டு எழுதிவிடுறன், வரி குறையும்."

ஒரு பக்கத்தைத் தூக்கினேன். மற்றப் பக்கத்தைப் பிடிக்க அவர் வந்தார். இதை உள்ளே கொண்டுவந்தபோது அந்தப் பக்கம் அண்ணை நின்றது நினைவு வந்தது. மெல்ல இறக்கி வைத்தேன்.

"கிடக்கட்டும், சேர். அண்ணை வருவார்."

அவர் முழு வீடாகவே எழுதிக்கொண்டு போனார்.

மனுவில் 'தேவையில்லை' என்று சுலபமாக எழுதியதை வாயால் சொல்ல என்னால் முடியவில்லை. அந்த வருடம் எங்கள் இருவருக்குமாக முழுச் சோலைவரியும் கட்டினேன். தொண்ணூற்றாறு ரூபா.