வகிடு கோணலாகவே இருக்கட்டும்

என் மகள் ஷைனியின் உச்சந்தலையில் ஐம்பது காசு அளவு வழுக்கையை நான் பார்த்தது ஒரு திங்கட்கிழமை காலையில். பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளின் கடைசி, அவளுக்குப் பத்து வயது. ஆரணியில் அவள் படித்த பள்ளியிலேயே நான் ஆசிரியை. டீச்சர் மகளின் தலையில் ஒரு முடிகூடப் பிசிறி நிற்கக்கூடாது என்று தினமும் இழுத்து வாரி இரட்டைச் சடை போட்டு அனுப்புவேன்.

புழுவெட்டு (வட்டவட்டமாக முடி உதிரும் நோய்) என்றார்கள் பக்கத்து வீட்டில். ஒரு மாதம் சின்ன வெங்காயம் தேய்த்தேன். எரிகிறது என்று அழுதாள். வழுக்கை பெரிதானது.

வேலூருக்குப் பஸ் ஏறினோம். தோல் மருத்துவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

“புழுவெட்டுன்னா அந்த இடம் வழுவழுன்னு இருக்கும்மா. இங்க ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டை. எல்லாம் ஒடைஞ்ச முடி. பாப்பாவே பிடுங்கறா.”

“இல்லைங்க டாக்டர், என் பொண்ணு அப்படிச் செய்யமாட்டா.”

ஷைனி தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “படிச்சிகினு இருப்பேன். கை தானா போவுதும்மா.”

ட்ரைக்கோட்டில்லோமேனியா (தன் முடியைத் தானே பிடுங்கத் தூண்டும், அடக்க முடியாத உந்துதல்) என்று சீட்டில் எழுதி, மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அந்த மருத்துவர் அம்மா என்னிடம்தான் முதலில் கேட்டார்.

“தலை யாரு வாரி விடறது?”

“நான்தாங்க. எண்ணெய், சீயக்காய் எல்லாமே நான்தான்.”

“இனிமே அவளே பாத்துக்கட்டும். அது மட்டுமே வைத்தியம் இல்ல. ஆனா அது தன்னோட தலைன்னு அவளுக்குத் தோணணும்.”

கை தலைக்குப் போகும்போது விரல்களை இறுக மூடி அறுபது வரை எண்ண அவளுக்குக் கற்றுக்கொடுத்தார்.

சீப்பைக் கொடுத்துவிட்டேன். கண்களை எடுக்கத்தான் முடியவில்லை. தலையணையில், மேசைக்கு அடியில், குளியலறைச் சாக்கடை வாயில் முடி தேடினேன். அவள் வீட்டுப்பாடம் எழுதும்போது ஏதாவது சாக்கில் பின்னால் நடந்துகொண்டே இருந்தேன். ஒருநாள் பேனாவை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“என்னையே பாத்துகினு இருக்காதம்மா. நீ பாத்தாதான் கை ஜாஸ்தியா போவுது.”

அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அந்த வாரம் காலை வழிபாட்டு வரிசையில் அவள் நின்றாள். வகிடு கோணல். ஒரு சடை மேலே, ஒரு சடை கீழே. ரிப்பனுக்கு மேல் வழுக்கை தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஆசிரியை, “இன்னா டீச்சர், உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றார். ஓடிப்போய் அந்தச் சடையை அவிழ்க்க என் கைகள் துடித்தன. சேலைத் தலைப்புக்குள் விரல்களை இறுக மூடி எண்ணத் தொடங்கினேன். முப்பதிலேயே மூச்சு முட்டியது. இதைத்தான் என் குழந்தை நாளெல்லாம் செய்துகொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

இரண்டு மாதத்தில் பூனைமுடி வந்தது. அரையாண்டுத் தேர்வில் அதுவும் போயிற்று. மீண்டும் வேலூர். இப்படியே மூன்று வருடம். நடுவில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்: கை பரபரக்கும்போது முடியை நனைத்துத் தளரப் பின்னிக்கொள்வாள். நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

பிள்ளைகள் எந்த வயதில் தங்கள் தலையைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இதே நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோர், ஷைனியின் கதை தெரிந்து, என்னிடம் கேட்கிறார்கள். வயது எனக்குத் தெரியாது. கோணல் வகிட்டோடு வாசலைத் தாண்டும் பிள்ளையைக் கூப்பிடாமல் இருக்க நமக்கு எப்போது முடிகிறதோ, அப்போது என்றுதான் சொல்லத் தெரிகிறது.

கல்லூரி இரண்டாம் வருடம் விடுமுறைக்கு வந்தவள், யாரையும் கேட்காமல் முடியைத் தோள்வரை வெட்டியிருந்தாள். தட்டு வைத்துச் சோறு போட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். இத்தனை வருடம் கழித்து, என் விரல்கள் எதையும் தேடாமல் அந்தத் தலையில் இருந்தன. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எனக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.