கருப்பண்ணன் வீட்டுப் பிள்ளை

என் ஜெராக்ஸ் கடைக்கு எதிரில்தான் நீர்மின் திட்டத்தின் நில எடுப்பு ஆபீஸ். அணை கட்டியது மலையில், ஆபீஸ் போட்டது கீழே எருமப்பட்டிப் பக்கம். மலையாளிப் பழங்குடி ஜனங்கள் ஒரு கையெழுத்துக்கு இரண்டு பஸ் மாறி இறங்கி வர வேண்டும். அதிகாரிகளுக்கு மலை ஏறினால் தலை சுற்றுமாம். வருகிறவர்களுக்கு மனு டைப் அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. அதிகம் அடித்தது ஜோதிக்கு.

ஜோதிக்கு இருபத்தாறு வயது. படித்தது எலக்ட்ரிகல் டிப்ளமோ, பார்ப்பது கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை. பண்ணையில் மோட்டார் நின்றுபோனால் இவளைத்தான் கூப்பிடுவார்கள். சரிசெய்து கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மறுபடி முட்டை பொறுக்கப் போவாள்.

அந்தப் படிப்பும் அவள் ஆசைப்பட்டது இல்லை. நர்ஸ் ஆக வேண்டும் என்றிருந்தாள். பத்து வருடம் முன்பு நிலம் எடுக்க வந்தவர்கள், நிலம் கொடுக்கும் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு மின் நிலையத்தில் நிரந்தர வேலை என்றார்கள். வீட்டில் பிள்ளைகள் எட்டுப் பேர். எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசி, நன்றாகப் படிக்கிற ஜோதியே போகட்டும் என்று முடிவுசெய்தார்கள். மற்ற ஏழு பேரும் ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்களில் யோகேஷ் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு, இவள் படிப்புக்காக ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் ஏறி வடக்கே போனான். இன்னும் அங்கேதான் போர் போட்டுக்கொண்டிருக்கிறான்.

எட்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. அண்ணன் தம்பி நாலு பேர், மூத்தவர் கருப்பண்ணன். மூத்தவர் இருக்கும்வரை நிலத்தைப் பிரிப்பதில்லை என்பது அந்த வீட்டு வழக்கம். பட்டா அவர் பேரில் இருந்தது. அவருக்குக் குழந்தை இல்லை. தம்பிகளின் பிள்ளைகள் அவரைத்தான் அப்பா என்பார்கள், பெற்றவர்களைச் சின்னப்பா என்பார்கள். கணக்கெடுக்க வந்தவர் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டபோது, கருப்பண்ணன் நிமிர்ந்து நின்று எட்டு என்றிருக்கிறார். அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

நிலம் தண்ணீருக்குள் போனது. குடும்பம் கீழே இறங்கிப் பண்ணைக் கொட்டகைகளில் குடியேறியது. போன மாதம் ஒருவழியாக ஜோதிக்குக் கடிதம் வந்தது, சான்றிதழ்களோடு வரச்சொல்லி. எனக்கு ஒரு பாக்கெட் மைசூர்பாகு வாங்கிவந்து கொடுத்துவிட்டுத்தான் ஆபீஸுக்குள் போனாள்.

சான்றிதழில் அப்பா பெயர் சடையன், கருப்பண்ணனின் தம்பி. பட்டாவில் கருப்பண்ணன். நிலம் கொடுத்தவரின் சொந்தப் பிள்ளைக்குத்தான் வேலை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று மனு அடித்துக் கொடுத்தேன், எனக்குத் தெரிந்த சட்டத்தையெல்லாம் போட்டு. பதில் இல்லை. நேற்று கருப்பண்ணனையே அழைத்துவரச் சொன்னார்கள். நானும் கூடப் போனேன்.

அதிகாரி நல்ல மனிதர். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, மெதுவாகச் சொன்னார். "அன்னைக்கே உங்களுக்குப் பிள்ளை இல்லைன்னு சொல்லியிருந்தா, தம்பிங்க மூணு பேரையும் தனித்தனிக் குடும்பமா எழுதியிருப்பாங்க, பெரியவரே. மூணு வேலை கெடைச்சிருக்கும்."

கருப்பண்ணன் தம்ளரைக் கீழே வைத்தார். "எல்லாரும் ஒண்ணா இருக்கற பெரிய ஊடுங்க. புள்ளைக எத்தனைன்னு கேட்டாங்க, சொன்னேனுங்க," என்றார். இப்போது மாற்றி எழுத முடியாதா என்று ஜோதி கேட்டாள். பட்டியல் மூடி ஆறு வருடம் ஆயிற்றாம். தவறான தகவல் கொடுத்ததாகக் கருப்பண்ணன் மேல் நடவடிக்கை வராமல் இருக்க ஒரு உறுதிமொழி மட்டும் எழுதித் தரச் சொன்னார் அதிகாரி. அதோடு ஃபைலை முடித்துவிடுவார்களாம்.

அதையும் நான்தான் டைப் அடிக்க வேண்டியிருந்தது. 'எனக்குப் பிள்ளைகள் யாரும் இல்லை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.' ஒரே வரி. அடிக்கும்போது என் கைக்கே வெட்கமாக இருந்தது. கருப்பண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று ஜோதியைக் கேட்டார். ஏதாவது மாற்றிச் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுத்துக்கூட்டுவதுபோல நிதானமாக, உள்ளபடியே படித்துக் காட்டினாள்.

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். "நா இதுக்கு ரேகை வெக்க மாட்டேன் சாமி. ஜெயில்ல போட்டாப் போடட்டும்," என்றார்.

ஜோதி அவர் காலடியில் உட்கார்ந்தாள். "வெய்யுங்கப்பா," என்றாள்.

அவர் கையை நீட்டவில்லை. அவளே அவருடைய பெருவிரலைப் பிடித்து, மையில் ஒற்றி, அந்த வரிக்குக் கீழே அழுத்தினாள்.